மச்சான், காயில் ஓடிடுச்சுடா

மச்சான், எப்படிடா இருக்க? கோயம்புத்தூர்ல கடை எப்படி போகுது? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்தாச்சுன்னு தங்கச்சி சொல்லுச்சு, அப்பதான் மனசே ஆறுச்சு.

இங்க பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல எல்லாரும் நல்லா இருக்கோம். உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன், நம்ம பாலிடெக்னிக் காலத்துலேர்ந்து பேசிட்டே இருந்த டெஸ்லா காயில், அதான் ஹை வோல்டேஜ்ல காத்துல பொறி பறக்க விடுற அந்த டிரான்ஸ்ஃபார்மர், ஓடிடுச்சுடா! போன ஞாயித்துக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில, ஒரு அடி நீளத்துக்கு ஊதா கலர்ல பொறி கிளை கிளையா பிரிஞ்சு போகுது, தள்ளி ஒரு மரச்சட்டத்துல கட்டி வச்ச பழைய டியூப்லைட்டு ஒயரே இல்லாம எரியுது, என் பொண்ணு வாய மூடவே இல்ல.

செகண்டரி, அதான் பொறி வர்ற அந்த காயில், நானே கையால கட்டுனேன். 75 எம்எம் பிவிசி பைப்பு, 30 கேஜ் எனாமல் வயர், ஆயிரம் சுத்து. உங்க கடையில உக்காந்து மோட்டார் காயில் கட்டினப்போ அப்பா சொல்லிக் குடுத்த அந்த இழுப்பு பதம் விரல்ல அப்படியே இருக்குடா, ஒரு சுத்து மேல இன்னொன்னு ஏறாம நகத்தால தள்ளித் தள்ளி நெருக்கி, அப்புறம் வார்னிஷ் அடிச்சு காய வச்சேன். அதுக்கு சக்தி குடுக்குற காயில், அந்த பிரைமரிக்கு, ஏசிக்கு போடுற கால் இன்ச் காப்பர் பைப்பு. எஸ்.பி.ரோட்ல கெப்பாசிட்டர் வரைக்கும் எல்லாம் கிடைச்சுது, நியான் போர்டுக்கு போடுற ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைக்கல, இப்ப போர்டெல்லாம் எல்இடி ஆயிடுச்சே, கடைசியில சிவாஜிநகர்ல ஒரு பழைய சாமான் கடையில 9000 வோல்ட் 30 மில்லிஆம்ப் ஒன்னு மாட்டுச்சு.

இதுல என்னைக் கட்டிப் போட்டதே டியூனிங்தான் மச்சான். சாதா டிரான்ஸ்ஃபார்மர்ல சுத்து விகிதம்தானே வோல்டேஜ், இங்க அது இல்ல. ஸ்பார்க் கேப், அதான் பொறி தாவுற அந்த சின்ன இடைவெளி, பத்திக்கிட்டதும் பிரைமரி பக்கம் எல்லும் சியும், அதாவது காயிலும் கெப்பாசிட்டரும், சேர்ந்து ஒரு ஃப்ரீக்வென்சில ஆடும், அதே ஃப்ரீக்வென்சில செகண்டரியும் ஆடினாத்தான் சக்தி அந்தப் பக்கம் ஏறும். என்னோடது கணக்குப்படி 350 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பிரைமரில டேப்பை, அதான் ஒயர் மாட்டுற இடத்தை, அரை சுத்து நகத்தினாலே பொறி பாதியாயிடுது. இன்னொன்னு, பொறி நீளமா வர வர அதுவே மேல கூடுதல் கெப்பாசிடன்ஸ் மாதிரி ஆகி செகண்டரி ஃப்ரீக்வென்சி இறங்கிடும், அதனால கணக்குல வர்ற இடத்துக்கு கொஞ்சம் வெளிய டேப் போடணும். அந்த இடம் மாட்டுனதும் பொறி சட்டுனு நீண்டுச்சு பாரு, ஆஹா!

ஹை ஃப்ரீக்வென்சி தோல் மேலயே ஓடிடும், தொட்டா ஒன்னும் ஆகாதுன்னு சில பேர் சொல்றாங்க, நம்பவே நம்பாத. ஷாக் தெரியாது, ஆனா உள்ள வரைக்கும் சுட்டுடும், பொறி பிரைமரிக்கு தாவிச்சுன்னா அந்த 9000 வோல்ட்டே வந்துடும், அது ஆளைக் கொல்லும். ஆஃப் பண்ணினப்புறமும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், நீளக் குச்சியில கம்பி கட்டி ஷார்ட் பண்ணாம நான் கிட்ட போறதே இல்ல. எர்த்தும் வீட்டு எர்த் இல்ல, கீழ மண்ணுல தனியா ராடு அடிச்சிருக்கேன். அப்பாவ கூட்டிட்டு வந்தா நான் இதை ஆன் பண்ண மாட்டேன், பேஸ்மேக்கர் இருக்கறவங்க இது பக்கமே வரக்கூடாது.

டெஸ்லா இந்த காயிலை கண்டுபிடிச்சது 1891ல. அப்புறம் 1902லயே காவிரில இருக்குற சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்துலேர்ந்து நம்ம கேஜிஎஃப், அதான் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு நூத்தி நாப்பது கிலோமீட்டருக்கு மேல லைன் இழுத்து ஏசி கரண்டு குடுத்திருக்காங்க, பெங்களூருக்கு லைட்டு வந்ததே 1905லதான். நம்ம தாத்தாங்க இறங்கின சுரங்கத்துக்குடா, ராஜதானிக்கு முன்னாடி! நெனச்சா எனக்கு பெருமையா இருக்கு.

பொங்கல் லீவுக்கு நீ வர்றியா? அடுத்தது 110 எம்எம் பைப்புல பெருசா ஒன்னு கட்டணும், 24 கேஜ் வயர் ஒரு கிலோ உங்க கடை ரேட்ல எடுத்துட்டு வா, சேர்ந்தே சுத்துவோம். அம்மாவ கேட்டதா சொல்லு.