சுவரை நகத்தால் கீறாதே

பழவேற்காடு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மீதிப் பாதி புலம்பல். சுண்ணாம்புப் பூச்சு பூசிப் பதினொரு நாள் ஆகிவிட்டது, நகத்தால் கீறினால் இன்னும் கோடு விழுகிறது, வீட்டுக்காரர் சிமென்டே பூசியிருக்கலாம் என்கிறார், கொத்தனார் வாயைத் திறக்காமல் வெற்றிலை மெல்லுகிறார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். முப்பத்தோரு ஆண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியலில் சமநிலைப் பாடம் நடத்தியவள் நான். அதே பாடத்தில் நீ கடைசி பெஞ்சில் தூங்கினாய் என்பதையும் மறக்கவில்லை. இப்போது காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அதைப் படி.

தாத்தாவின் காளவாய், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளை, உனக்கு நினைவிருக்காது. நீ பிறப்பதற்குள் இடிந்துவிட்டது. கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி, அடியில் தீ வைப்பார்கள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது: மூட்டை மூட்டையாகப் போகிற கிளிஞ்சல், வெளியே வரும்போது ஏன் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது? "தீ தின்றுவிட்டது" என்றார் தாத்தா. கல்லூரிக்குப் போன பிறகுதான் கணக்குப் புரிந்தது. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அது நூறு கிலோ முழுக்க வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மற்ற 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் எடையிழப்பது உள்ளே அடைபட்ட ஒரு வாயு வெளியேறுவதால்தான் என்பதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750-களில் தராசு வைத்துக் காட்டியிருந்தார். தாத்தாவுக்கு அது தெரியாமலே காளவாய் நன்றாக நடந்தது.

ஒரு நாள் மட்டும் நடக்கவில்லை. தீ நன்றாகப் பிடித்திருந்த நேரத்தில் மழை வந்துவிட்டது. தாத்தா பதறிப்போய் காளவாயின் வாயைத் தகரத்தாலும் ஈரச் சாக்காலும் மூடிவிட்டார். மறுநாள் பிரித்தபோது மேலே கருத்த கிளிஞ்சல்; தண்ணீரில் போட்டால் கொதித்து உடையாமல் கல்லாகவே கிடந்தது. தீக்குக் காற்று கிடைக்காததுதான் பெரிய காரணம், மறைக்கமாட்டேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு, பிரிந்த சுண்ணாம்போடு மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது. பாரிஸில் டெப்ரே என்ற வேதியியலாளர் 1867-இல் அளந்து சொன்னது இதைத்தான்: மூடிய கலத்தில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இந்த வாயுவுக்கு ஓர் அழுத்தம் உண்டு, அதை எட்டியதும் அளவு அப்படியே நிற்கும். ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் அது ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தொடுகிறது. வாய் திறந்திருந்தால் வாயு போய்க்கொண்டே இருக்கும். சமநிலை வரவே வராது. கிளிஞ்சல் முழுக்க வெந்துவிடும்.

"நிற்கும்" என்றேனே, அங்கேதான் என் மாணவர்கள் எல்லோரும் சறுக்குவார்கள். நிற்பது அளவு மட்டும்தான். உள்ளே பிரிவதும் சேர்வதும் ஓயாமல் நடக்கின்றன, ஒரே வேகத்தில். அதுதான் சமநிலை. டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884-இல் சமன்பாட்டில் எதிரெதிராக இரண்டு அம்புகளைப் போட்டது இதற்காகத்தான். பொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே வினையின் உந்துதல் என்று 1864-இல் எழுதியவர்கள் நார்வேயின் குல்பெர்கும் வாகேவும். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டிய சகலைகள். நம் ஊர்ச் சகலைகள் கல்யாண வீட்டில் கூடினால் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும்.

சரி, உன் சுவருக்கு வருகிறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவது நொடியில் கொதித்து முடிகிற காரியம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாவது வேறு கதை. காளவாயில் போன அதே வாயு திரும்பி வருகிறது. நம் வீட்டு வெயிலில் அந்த வினை திரும்பிப் போகாது. எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகமே வேண்டாம், உன் பூச்சு கல்லாகத்தான் போகிறது. எப்போது என்பது தனிக் கேள்வி. நீயும் வீட்டுக்காரரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ராத்திரியில் எனக்குத் தொலைபேசி போடுகிறீர்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக? காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்குதான் கரியமில வாயு. சுண்ணாம்புத் தண்ணீரில் குழாய் வைத்து ஊதினால் உடனே பால்போல் ஆகிறதே, அது நம் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு, அதாவது நூறு மடங்கு இருப்பதால். தவிர, சுவரின் மேல்தோல் முதலில் கல்லாகிவிடும். பின்னால் வரும் வாயு அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். அதனால் இரண்டு மடங்கு ஆழம் போக ஏறத்தாழ நாலு மடங்கு காலம் ஆகும். பதினொரு நாள் ஒன்றுமே இல்லை.

ஹாலோஜன் விளக்கு வைத்துச் சூடேற்றலாமா என்று கேட்டாய். சூட்டால் வினைவேகம் கூடும் என்பது பாடத்தில் சரி. இங்கே தவறு. வாயு முதலில் பூச்சின் துளைகளில் உள்ள ஈரத்தில் கரைந்தால்தான் வேலை நடக்கும். நீ ஈரத்தை ஓட்டிவிட்டால் சுவர் காயும், இறுகாது. தொட்டால் மாவாக உதிரும். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடியிருப்பதாகச் சொன்னாயே, அதையும் அகற்றிவிடு. அது தாத்தா போட்ட தகரம் மாதிரி. இங்கே வாயுவை வெளியே நிறுத்துகிறது. ஜன்னலைத் திற, நேர் வெயிலுக்கு மட்டும் ஒரு துணி கட்டு, காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளி. சொட்டச் சொட்ட வேண்டாம். துளை முழுக்கத் தண்ணீர் நின்றாலும் வாயு போகாது.

கொத்தனாரிடம் ஒன்று கேள், மரியாதையாக: சுண்ணாம்பை நீற்றி எத்தனை நாள் ஊறப்போட்டீர்கள் அண்ணே? அளவுக்கு மீறி வெந்த துண்டுகள் தண்ணீரில் சட்டென்று உடையாது. அவற்றுக்கும் முடிவு அதேதான், வேகம் மட்டும் செத்துப்போயிருக்கும். ஊற விடாமல் பூசினால் ஆறு மாதம் கழித்துச் சுவரிலேயே நீறி, காசளவு கொப்புளமாகத் தெறிக்கும். எனக்கு உண்மையான பயம் அதுதான், நகக்கோடு அல்ல.

பார்சலில் ஃபீனால்ஃப்தலீன் ஒரு சின்னப் புட்டி வைக்கிறேன், சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறுகிற கரைசல். கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் காரையைச் சிறிது பெயர்த்து, உடைந்த பக்கத்தில் இரண்டு சொட்டு விடு. உள்பக்கம் அடர் ரோஜா நிறமாகும். அது இன்னும் சுண்ணாம்பு. வெளி ஓரத்தில் நிறமே இல்லாத மெல்லிய கோடு தெரியும், அது கல்லாகிவிட்டது. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து எழுது, அடுத்த மாதம் மறுபடி அள. வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டு. சிமென்ட் பேச்சை எடுக்கமாட்டார்.

பெயர்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் தேய்க்காதே, குழாயடியில் நின்று நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போ. நாளை பொன்னேரி போகிறேன். அங்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன். முறுக்கும் வைத்திருக்கிறேன், கொத்தனாருக்கும் கொடு.

அம்மா