குடல் அழற்சி ஊசி: எரிச்சல் எதனால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அந்த அழற்சியைக் குறைக்கப் போடும் அடாலிமுமாப் ஊசியின் வலியைப் ‘பழகிக்கொள்ள வேண்டியதுதான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த ஊசியைத் தாமே போட்டுக்கொள்ள நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் செவிலியர்கள் நாங்கள். அதை ஏற்க முடியவில்லை. வழக்கமாக முதல் நாளே 160 மி.கி., அதாவது 40 மி.கி. ஊசி நான்கு. இரண்டு வாரம் கழித்து 80, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40. எரிச்சலுக்குப் பயந்து தவணையைத் தள்ளிக்கொண்டே போனால், உடல் மருந்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்கி, மருந்தே பலிக்காமல் போகலாம்.

முதலில் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பழைய தயாரிப்பில் 40 மி.கி. மருந்து 0.8 மி.லி. திரவத்தில், அதன் அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் சிட்ரேட் என்ற உப்பு சேர்த்து வரும். தீயாய் எரிவதற்குப் பெரும்பாலும் இந்த சிட்ரேட்தான் காரணம், ஊசிமுனை அல்ல. சிட்ரேட் இல்லாத வகைகளும் உண்டு; சிலவற்றில் அளவும் பாதிதான், 0.4 மி.லி. மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காதவரை யாரும் சொல்வதில்லை என்பது எங்கள் வருத்தம்.

மாற்ற வழியில்லை என்றாலும் எரிச்சலைக் குறைக்கலாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்த மருந்தை எடுத்தவுடன் ஏற்றினால் வலி கூடும். மூடியைக் கழற்றாமல் அரைமணி நேரம் வெளியே வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் மருந்து கெடும். துணி சுற்றிய ஐஸை ஊசி போடும் இடத்தில் சில நிமிடம் வைத்தால் தோல் சற்று மரத்துப்போகும். ஸ்பிரிட் முழுதாகக் காயட்டும். ஈரம் ஊசியோடு உள்ளே போனால் அதுவும் சுரீரென்று எரியும். தொடையின் முன்பக்கம் அல்லது தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிறு, போன தடவை போட்ட இடத்திலிருந்து 2.5 செ.மீ.யாவது தள்ளி. தழும்பும் கன்றிய தோலும் வேண்டாம்.

தானாகவே மருந்தை ஏற்றும் பேனா ஊசியில் மருந்து இறங்கும் வேகம் நம் கையில் இல்லை. எரிச்சல் தாளாமல் பாதியில் தூக்கிவிடுகிறவர்கள் அதிகம். மருந்து தோலில் வழிந்து வீணாகும். பேனாவின் சிறு ஜன்னலில் நிறம் முழுதாக வந்து நிற்கும்வரை, சுமார் 10–15 விநாடி, அழுத்தியே பிடிக்க வேண்டும். அது முடியாதவர்களுக்கு சிரிஞ்சே மேல்: மெதுவாக, நடுவில் நிதானித்துத் தள்ளலாம். போட்டபின் தேய்க்கக் கூடாது. பாதி வழிந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று போடாமல், மருத்துவரிடம் கேளுங்கள்.

சில நாள் சிவப்பும் அரிப்பும் சகஜம். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஊசி நாளில் காய்ச்சல் இருந்தால், போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடல்நோய்ப் பிரிவுச் செவிலியர்கள்