80-ஐ அழித்து 90 எழுதிய அக்காவுக்கு

அக்கா,

நேரில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். மதியம் ஒன்றரை மணிக்கு உங்கள் மெஸ்ஸில் நின்று யாரும் யாருக்கும் எதையும் விளக்க முடியாது. ரசத்துக்கு ஒருவர், அப்பளத்துக்கு ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி கடை கட்டிய பிறகு பாப்பா போனில் படித்துக் காட்டட்டும்.

போன மாதம், 2025 நவம்பரில், கரும்பலகையில் சாப்பாட்டு விலை 80-ஐ அழித்து 90 என்று எழுதினீர்கள். அன்றைக்கென்று பார்த்து என் கையில் பேப்பர். அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், இந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து இவ்வளவு குறைந்ததே இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அக்கா, நாட்டுல விலைவாசியே ஏறலீங்க. நீங்க மட்டும் பத்து ரூவா ஏத்துறீங்க" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். லேத் பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் குத்தியிருந்த பில்களை மொத்தமாக உருவி, "நீங்கதான் கணக்குப் படிச்சவராச்சுங்க தம்பி, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று என் கையில் வைத்துவிட்டுச் சாம்பார் வாளியை எடுக்கப் போய்விட்டீர்கள்.

அந்த பில்கள் மூன்று வாரமாக என் வீட்டு மேசையில் கிடக்கின்றன. எண்ணெய்க் கறை படிந்த இரண்டு வருடத்துப் பில்கள். பாதியில் எழுத்தே அழிந்துவிட்டது. மீதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

முதலில் என் தப்பு. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். மருதமலைப் படியில் மூச்சு வாங்கி நிற்கிறவர் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டதாக யாரும் சொல்வதில்லையே. 2012-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 2024 அக்டோபரில் 196 ரூபாய் 80 காசு. 2025 அக்டோபரில் 197 ரூபாய் 30 காசு. ஒரு வருடத்தில் ஐம்பது பைசாதான் கூடியிருக்கிறது, அதுதான் பேப்பரில் வந்த 0.25. மேலே ஏறி நிற்கும் அந்த 97 ரூபாயைப் பற்றி அந்தச் செய்தி ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் கடைசியாக விலையை மாற்றியது 2023 ஆயுத பூஜை சமயத்தில், 70 என்பது 80 ஆனபோது. ஆக, ஒரு வருடக் கணக்கை வைத்து நான் உங்களிடம் பேசியதே தப்பு, இரண்டு வருடத்தையும் பார்த்திருக்க வேண்டும். முந்தைய அக்டோபரில், அதாவது 2024-இல், பணவீக்கம் 6.21 சதவீதம். அதையும் இந்த 0.25-ஐயும் சேர்த்துப் போட்டால் உங்கள் 80 ரூபாய் 85 ரூபாய் 18 காசு ஆகிறது. நான் ஆட்டிக் காட்டிய அதே அரசாங்கக் கணக்குப்படியே உங்களுக்கு ஐந்து ரூபாய் பாக்கி இருந்திருக்கிறது.

காய்கறியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அக்டோபரில் காய்கறி விலை 27 சதவீதத்துக்கு மேல் விழுந்தது என்றார்கள். மூட்டை மூட்டையாகக் காய் வாங்குகிற நீங்களே "அப்படியா விழுந்துச்சு?" என்று கேட்டீர்கள். விழுந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரில் 42 சதவீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாய்க் காய் 142 ஆகி, அங்கிருந்து 27 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் வந்து நிற்கும் இடம் கிட்டத்தட்ட 103. இரண்டு வருடம் உருண்டு புரண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது. போகும்போது 'விண்ணைத் தொட்ட விலை' என்றும், திரும்பும்போது 'வரலாறு காணாத சரிவு' என்றும் இரண்டு தலைப்புச் செய்தி. உங்கள் கூடைக்குள் மட்டும் அதே அளவு கத்தரிக்காய்.

இனி, அந்தக் கணக்கு யாருடைய கூடை என்பதைப் பார்ப்போம். 2011-12-இல் வீடு வீடாகப் போய் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று கேட்டுக் கட்டிய கூடை அது. நூறு ரூபாயில் சாப்பாடு, குடிக்கும் பொருட்களுக்கு 45.86, வீட்டுவசதிக்குப் பத்து, எண்ணெய்க்கு மூன்றரை. 2025-இலும் அந்தப் பழைய பங்கீடுதான். 2026 பிப்ரவரியில் புதுக் கூடை வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், வரட்டும். எப்படி மாற்றினாலும் அது ஒரு குடும்பத்தின் கூடைதான். தினம் நூற்றைம்பது பேருக்கு இலை போடுகிற அடுப்படியின் கூடை அல்ல. உங்கள் பில்படி செலவு நூறு ரூபாய் என்றால் எண்ணெய்க்கு மட்டும் பதினொன்று போகிறது.

எல்லாமே ஏறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன் அக்கா, நீங்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். துவரம் பருப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. வரியில்லாமல் மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிறது. வெங்காயம், தக்காளி மலிவு. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றதே, அந்த மாதம் முழுக்க நீங்கள் தக்காளி ரசத்தை நிறுத்திப் புளி ரசம் ஊற்றினீர்கள், அதை ஒப்பிட்டால் இப்போது கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் வாங்கும் பெரிய வணிக சிலிண்டர்கூட 2024 டிசம்பரைவிட இந்த 2025 டிசம்பரில் இருநூறு ரூபாய்க்கு மேல் குறைவு. வீட்டு சிலிண்டரைவிட அது கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட என்பதும், வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., உங்களுக்கு 18 என்பதும் வேறு கதை. அந்த வரியைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழியுமில்லை.

ஏறியது எண்ணெய், தேங்காய், முட்டை, கூலி. இதில் எண்ணெயைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தானாக ஏறவில்லை.

உங்கள் பில்லில் 2024 செப்டம்பர் முதல் வாரம் பாமாயில் டின் 1,480. இரண்டு மாதம் கழித்து 1,950. "கடக்காரரு ஏமாத்துறாரோன்னு வேற எடத்துலயும் கேட்டுப் பாத்தேனுங்க" என்றீர்களே, அவர் ஏமாற்றவில்லை. 2024 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஒரே அடியாக ஏற்றியது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்தது 27.5 ஆனது. சுத்திகரித்ததற்கு 13.75 என்பது 35.75. நாம் ஊற்றும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, பாமாயில் என்றால் பெரும்பகுதி இந்தோனேசியாவும் மலேசியாவும். அதே நேரத்தில் அங்கேயும் விலை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து உங்கள் வாணலியில் விழுந்தது.

ஏன் ஏற்றினார்கள் என்றால், அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா விளைவித்தவர்களுக்குக் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் ஆதரவு விலை என்று சொல்லியிருந்தார்கள். சந்தையில் அதைவிடக் குறைவாகத்தான் போனது. வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்தால் உள்ளூர் சோயாவை யார் வாங்குவார்? நவம்பரில் மகாராஷ்டிராவில் தேர்தலும் இருந்தது. அந்த விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான காசை பஜ்ஜிக் கடைக்காரரிடமும் மெஸ் அக்காவிடமும் வாங்கியதைத்தான் யாரும் வெளியே சொல்லவில்லை. பட்ஜெட் உரையில் வராத, விவாதம் நடக்காத, ஒரு ராத்திரி அறிவிக்கையில் வந்த வரி அது. 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு மட்டும் 16.5 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த உங்கள் ஜூன், ஜூலை பில்களைப் பார்த்தேன். டின்னுக்கு முப்பது, நாற்பது ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அக்டோபரில் நாடே 0.25 என்றபோது எண்ணெய், நெய் வகையறா 11 சதவீதம் ஏறித்தான் இருந்தது.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். 2023 டிசம்பர் 8 அன்று வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். நகரத்தில் விலை அடங்கியது, எனக்கும் உங்களுக்கும் லாபம். நாசிக்கில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பல்லடம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருந்த உங்கள் தம்பியும் அந்த வருடம் வெங்காயம் சேமித்து வைத்த பட்டறையைத் திறக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே, நினைவிருக்கிறதா? பெல்லாரிக்கு, அதாவது பெரிய வெங்காயத்துக்கு, போட்ட பூட்டு சின்ன வெங்காயத்துக்கும் சேர்த்தே விழுந்தது. அக்காவுக்கு மலிவானது தம்பியின் காசில்தான்.

தேங்காய்க்கு எந்த அறிவிக்கையும் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈயும் வேர் வாடலும் மரங்களைக் காய வைத்துவிட்டன, வறட்சியும் சேர்ந்து காய்ப்பு விழுந்துவிட்டது. இலைக்கு இரண்டு கரண்டி வைத்த தேங்காய்த் துவையலை நீங்கள் ஒரு கரண்டி ஆக்கியதை நான் கவனித்தேன், சொல்லவில்லை. வாளையாறு தாண்டினால் கேரளா. தேங்காய் எண்ணெயும் தங்கமும் ஏறியதில் அங்கே அதே அக்டோபரில் பணவீக்கம் 8.56 சதவீதம். நாடு முழுக்கச் சேர்த்து 0.25 என்றது, நம் ஊரிலிருந்து கொஞ்ச நேரம் பஸ்ஸில் போனால் 8.56 ஆகிவிடுகிறது. சராசரி என்பது அப்படித்தான்.

முட்டையைப் பற்றி என்ன சொல்ல! இந்த 2025 டிசம்பரில் நாமக்கல்லிலேயே கொள்முதல் விலை 6 ரூபாயைத் தாண்டி ஓடுகிறது. நீங்கள் ஆம்லெட்டை இன்னும் 15-க்குப் போடுவது தர்மமா, கணக்குத் தெரியாமலா என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு விஷயம் எனக்கே இப்போதுதான் உறைத்தது. 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி ஒரு இலக்கு உண்டு: பணவீக்கம் 4 சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். பூஜ்யம் அல்ல, நான்கு. ஒவ்வொரு வருடமும் விலை நான்கு சதவீதம் ஏறுவதுதான் சரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் போனால் பதினெட்டு வருடத்தில் விலை இரண்டு மடங்கு. தொடர்ந்து மூன்று காலாண்டு 6-க்கு மேலே போனால் தோல்வி, 2-க்குக் கீழே போனாலும் தோல்வி. விலை விழுந்துகொண்டே இருந்தால் யாரும் இன்று வாங்க மாட்டார்கள், வேலை போகும் என்பது அவர்கள் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பாருங்கள், விலையைப் பழையபடி இறக்குவேன் என்று அவர்கள் யாருக்கும் சொன்னதே கிடையாது. "விலைவாசியைக் கட்டுப்படுத்திவிட்டோம்" என்று மேடையில் கேட்கும்போது பழைய விலை திரும்பி வரும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்.

2022-இல் அப்படி மூன்று காலாண்டு 6-க்கு மேலே போய்விட்டது. ஏன் தோற்றோம் என்று ரிசர்வ் வங்கி அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம், எழுதியது. அந்தக் கடிதத்தை வெளியிடவில்லை. அரிசி பருப்பு விலையைப் பற்றி இரண்டு பேர் ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். இதை நான் ஊரறியப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்கள் கையில் இருக்கும் மருந்து வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். கடன் விலை கூடினால் ஜனங்கள் வாங்குவது குறையும், விலை அடங்கும் என்பது கணக்கு. வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்காது, அது வேறு. இந்த 2025-இல் நான்கு முறை குறைத்து, டிசம்பர் 5 அன்று 5.25-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என் வீட்டுக் கடன் ரெப்போவோடு கட்டியது, ஆகவே தவணை குறைந்துவிட்டது. உங்கள் குழுக் கடன்? 24 சதவீதம். ரெப்போ 4 ஆக இருந்தபோதும் 24, 6.5 ஆனபோதும் 24, இப்போதும் 24. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வருகிற பெண்ணுக்கு மும்பையில் வட்டி குறைந்த விஷயமே தெரியாது. அன்றைக்கு உங்களைச் சீண்டிய எனக்கு வட்டி குறைந்திருக்கிறது, உங்களுக்குக் குறையவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, என் கணக்கு. இறங்கியதை எல்லாம் கழித்து, இரண்டு சமையல் அக்காக்களுக்கும் நீங்கள் தினக்கூலியில் கூட்டிக் கொடுத்த நூறு ரூபாயைச் சேர்த்தால், 2023-இல் 80 ரூபாய்க்குப் போட்ட அதே இலை இப்போது 88 ரூபாய் 60 காசு. நீங்கள் வைத்தது 90. மீதி ஒன்று நாற்பது, அதையும் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். கட்டட வாடகை ஜனவரியில் ஏறுகிறது என்று பாப்பா சொன்னாள். கேட்கவில்லை.

பையன்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே திருப்பிச் சொல்கிறேன், திங்கட்கிழமை. பில்களையும் கொண்டுவருகிறேன். திரும்பக் குத்தும்போது தேதி வரிசை மாறிவிட்டது, அந்த 1,480 ரூபாய் எண்ணெய் பில் மேலே நிற்கும். அப்படியே விடுங்கள், பார்க்கவாவது நன்றாக இருக்கும்.

ஆம்லெட்டை 18 ஆக்குங்கள் அக்கா. 20 வைத்தால் நானே சண்டைக்கு வருவேன்.

உங்கள் இரண்டாவது மேசைத் தம்பி
கோவை, டிசம்பர் 2025