கூம்பு நத்தையின் நஞ்சும் ஆறு டால்டன் கணக்கும்

நாகர்கோவில்

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய்களில் வந்துவிட்டதால், தம்பியின் வயலில் கும்பப்பூ நடவும் முடிந்தது.

உங்கள் ஆய்வகத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்திருப்பதை எழுதிவிட்டு, மூலக்கூறுகளின் எடை காணும் அந்தக் கருவி புரதத்தின் வடிவத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியைப் பல நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கருவிக்குத் தெரிந்தது எடை மட்டுமே. ஆனால் வடிவத்துக்கு ஏற்ப எடை மாறும்படி வேதியியலால் முன்னேற்பாடு செய்துவிட்டால், அந்த எடையே வடிவத்தைச் சொல்லிவிடும் என்பது என் எண்ணம். நாம் படித்த காலத்தில் புரதத்தைச் சிதைக்காமல் ஆவி நிலைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. ஜான் ஃபென்னும் கோயிச்சி தனாகாவும் 1980-களில் அதற்கு வழிகண்டு, 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

கன்னியாகுமரிக் கடைகளில் விற்கும் கூம்பு வடிவச் சங்குகளை நீ பார்த்திருக்கிறாய். அவற்றினுள் வாழும் நத்தை, நஞ்சு செலுத்தி இரை பிடிப்பது. அந்த இனத்தைச் சேர்ந்த கோனஸ் மேகஸின் நஞ்சிலுள்ள பெப்டைடு (சிறு புரதச் சங்கிலி) ஒன்றுதான், தாங்கமுடியாத வலிக்குத் தண்டுவட நீரில் செலுத்தப்படும் சிகோனோடைடு என்ற மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதில் 25 அமினோ அமிலங்கள். அவற்றுள் ஆறு, கந்தகம் கொண்ட சிஸ்டீன்கள். வரிசையை வைத்துக் கணக்கிட்டால் எடை ஏறத்தாழ 2645 டால்டன் வரவேண்டும் (ஒரு டால்டன் என்பது ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). இயற்கைப் பெப்டைடு காட்டுவதோ 2639. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் பிணையும்போது இரண்டு ஹைட்ரஜன்கள் வெளியேறுவதால், குறைந்த ஆறு டால்டன் மூன்று டைசல்பைடு பிணைப்புகளைக் குறிக்கிறது.

எது எதனோடு பிணைந்தது என்பதுதான் கடினமான கேள்வி. ஆறு சிஸ்டீன்கள் மூன்று இணைகளாகச் சேர 15 வழிகள் உண்டு. மருந்தாக வேலை செய்வது 1–16, 8–20, 15–25 என்ற இணைப்பு; எண்கள் சங்கிலியில் அந்தச் சிஸ்டீன்கள் நிற்கும் இடங்கள். பிணைப்புகளை ஒடுக்காமலேயே (ஹைட்ரஜன் சேர்த்துப் பிரிக்காமலேயே) நொதியால் வெட்டி, எந்தத் துண்டுகள் ஒட்டியபடியே எடை காட்டுகின்றன என்று பார்ப்பது வழக்கமான முறை. காரக் கரைசலில் பிணைப்புகள் இடம் மாறிவிடும் என்பதால், கரைசலை அமிலத் தன்மையில் வைத்து, அமிலத்தில் வேலை செய்யும் இரைப்பை நொதியான பெப்சினால் வெட்டுவதையே நான் விரும்புவேன். ஆனால் 15-ஆவதும் 16-ஆவதும் அடுத்தடுத்து நிற்பதால் அவற்றின் நடுவே வெட்ட நொதியால் இயலாது. அங்கே முழுப் பெப்டைடையும் கருவிக்குள்ளேயே உடைத்துத் துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பலராமும் உடனுழைத்தோரும் நம் நாட்டுக் கடல் நத்தைகளின் நஞ்சுகளில் இவ்வழியைச் செம்மைப்படுத்தினார்கள் என்பதை மாணவர்களிடம் பெருமையோடு சொல்லுகிறேன்.

பெரிய புரதங்களுக்குக் கனநீர் முறை உண்டு: ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட நீரில் புரதத்தை இடுவது. புரதத்தின் மையச் சங்கிலியில் நைட்ரஜனோடு ஒட்டிய அமைடு ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் டியூட்டீரியமாக மாறும்போது எடை ஒரு டால்டன் கூடும். உள்ளே மறைந்தவையும் ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கியவையும் தாமதமாகவே மாறும். இந்த மாற்றம் ஏறக்குறைய நிற்கும்படி, குறித்த நேரத்தில் கரைசலை பிஎச் 2.5-க்கும் பூஜ்ஜியம் டிகிரிக்கும் இறக்கிவிட்டு, பெப்சினால் வெட்டி எடை பார்க்கிறார்கள். புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராயும்போது கிடைப்பதுபோல் அணுக்களின் இருப்பிடம் இதில் கிடைக்காது; எந்தப் பகுதி எவ்வளவு விரைவில் திறந்து மூடுகிறது என்பது கிடைக்கும். மருந்து ஒட்டும் இடத்தைத் தேடுபவருக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

நீ முதலில் முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமைப் போட்டுப் பார். விலை குறைவு, எடை 14,305 டால்டன், நான்கு டைசல்பைடுகள். ஒடுக்கினால் எட்டு கூடும்; அதன்பின், சிஸ்டீன்கள் மீண்டும் பிணையாதபடி மூடிவிடும் அயடோ அசிட்டமைடு சேர்த்தால் ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் 57 வீதம் மேலும் 456 ஏறும். இயல்பு நிலை, ஒடுக்கியது, மூடியது என மூன்று ஸ்பெக்ட்ரங்களையும் (எடை வரைபடங்களையும்) எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
உன் நண்பன்
ஜெயசிங்