பசலி 1434: ஏரிப் பாசன விவசாயிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, ஆயக்கட்டு உறுப்பினர்களே, முதன்முறையாக உறுப்பினர்களாக வந்து அமர்ந்திருக்கும் குத்தகைச் சாகுபடியாளர்களே, ஆடு மாடு மேய்ப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடைசியாகச் சொன்ன இரு பிரிவினரும் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைத்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையான பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், செயற்குழு ஒன்பது முறை கூடியது. மேலும் இரண்டு கூட்டங்கள் வருகை போதாமல் ஒத்திவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றை அம்மன் கோயில் திருவிழா நாளில் வைத்தது என் தவறு. ஏரியில் வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதி கிடைத்து, கேட்டவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு டிராக்டர் மண் செங்கல் சூளைக்குப் போனது என்ற புகார் விசாரணையில் இருக்கிறது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பெய்த மழையில் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. அன்றிரவு இரண்டாம் மதகுக்கு அருகே கரை கசிந்தது. மணல் மூட்டை அடுக்க வந்தவர்கள் இருபத்தாறு பேர். மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பெயர்களை எண்ணிப் பார்த்தேன். அவர்களில் பதினேழு பேருக்கு, ஏரி நீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் ஒரு சென்ட் பட்டாகூடக் கிடையாது.

இனி, ஏரியை அளந்த விவரம். நம் ஏரியின் ஆயக்கட்டு நூறு ஏக்கருக்குக் குறைவு என்பதால் அது நீர்வளத் துறையின் கீழ் வராது, ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். ஏரி நிலமோ வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. ஆகவே ஒரு மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு போகம் விளைந்து அறுவடையும் ஆகிவிடும். வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் நாம் கொடுத்த மனுவின் பேரில் மார்ச் மாதம் சர்வேயர் வந்தார். கிராம நிலங்களின் விவரம் உள்ள ஏ-பதிவேட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அளந்தார். வரைபடத்தில் இருந்த பதினான்கு எல்லைக் கற்களில் ஐந்து கிடைத்தன. அவற்றில் ஒன்று ஒரு வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. யார் வீடு என்று சொல்லப்போவதில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வடக்கே மனை போட்டு விற்பவர்தான் அளவையில் மாட்டுவார் என்று நாம் எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம். அவரும் மாட்டினார். வரத்து வாய்க்காலின் குறுக்கே சாலை போட்டு, அடியில் ஒற்றைச் சிமென்ட் குழாயைப் புதைத்து வாய்க்காலின் கதையை முடித்திருக்கிறார். ஆனால் நீர்ப்பிடிப்புக்குள் பயிரிட்டிருப்பவர்கள் என்று சர்வேயர் குறித்த ஒன்பது பேரில் ஏழு பேர் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். ஏழில் ஒருவன் நான். என் பங்கு பதினோரு சென்ட். என் தந்தை காலத்தில் வரப்பு ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அகலம் நகர்ந்திருக்க வேண்டும். அவருக்குப் பின் நானும் அதைத் திருப்பி வெட்டவில்லை.

வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பட்டாவோடு சேர்த்து ஒரு கட்டு பி மெமோ ரசீதுகளும் இருந்தன. பி மெமோ என்பது அரசு நிலத்தில் அனுமதியின்றிப் பயிரிட்டதற்கு விதிக்கும் தண்டத்தின் சீட்டு. அதை நாம் ஆண்டாண்டாகச் சேர்த்துவைத்து, பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போது சொத்தாகவே எழுதியும் கொடுத்திருக்கிறோம். தண்டம் கட்டிய சீட்டை உரிமைச் சீட்டாகப் படிக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நாமே கற்றுக்கொண்டோம்.

ஏப்ரல் மாதப் பொதுக்குழுவில் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையும், ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் வந்த சட்டத்தையும் வாசித்தேன். பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் விளக்கினேன். நெடுங்காலமாக அனுபவித்துவருவதோ பெரும் பணம் செலவழித்ததோ பொது நிலத்தை ஒருவருக்குச் சொந்தமாக்காது என்கிறது அந்தத் தீர்ப்பு. விதிவிலக்காக அது சொல்பவற்றில் ஒன்று, நிலமற்ற தொழிலாளர்களுக்கோ தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கோ அரசே ஆணையிட்டுக் குத்தகைக்குக் கொடுத்த நிலம். நம் ஏழு பேரும் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.

கூட்டம் சூடாகவே நடந்தது. "ஏக்கர் ஏக்கராக மனை போடுகிறார்கள், நம் பத்துச் சென்ட்தான் ஏரியைக் கெடுத்ததா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழு பேருடையதையும் சேர்த்தாலும் இரண்டு ஏக்கர் தேறாது. ஆனால் நம் வரப்பை உள்ளே வைத்துக்கொண்டு அவருடைய குழாயைத் தோண்டச் சொல்லி மனு எழுத எனக்குக் கை வரவில்லை. ஏழு பேரில் நால்வர் விட்டுவிட்டோம். இருவர் சொர்ணவாரிப் பருவ நெல் அறுவடை வரை தவணை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நீதிமன்றம் போயிருக்கிறார். என் தம்பி என்னோடு பேசுவதில்லை. இது அறிக்கையில் வரவேண்டிய செய்தி அன்று, என்றாலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், உறுப்பினர் அல்லாதவராக நின்றிருந்த ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கேட்டார்: "ஏரி பொது என்கிறீர்கள். அளக்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஆடு இறங்கும் தடத்தில் அல்லவா அடையாளக் குச்சி நட்டிருக்கிறீர்கள்?" யாரிடமும் பதில் இல்லை. நம் துணைவிதிப்படி ஆயக்கட்டில் பட்டா உள்ளவர் மட்டுமே உறுப்பினர். ஏரியைத் தின்றவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம். புயல் இரவில் மூட்டை சுமந்த பதினேழு பேரும் வெளியே இருந்தார்கள்.

மேடைதோறும் நாம் பெருமை பேசும் உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இதே கதைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட அந்த விதிகளில் ஏரி வாரியத்துக்கும் குடவோலை உண்டு. ஆனால் ஓலையில் பெயர் எழுத, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய அளவில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். வேதம் கற்றவருக்கு அதில் பாதியான அரைக்கால் வேலியே போதும். உழுதவருக்கும் மேய்த்தவருக்கும் எந்தக் குடத்திலும் ஓலை இல்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் அதே கல்வெட்டு விலக்கிவைக்கிறது. அந்த விதியை இன்று அப்படியே கொண்டுவந்தால் நம் முன்னாள் நிர்வாகிகளில் பாதிப் பேர் தேறமாட்டார்கள்.

விவாதத்தில் பஞ்சமி நிலமும் வந்தது. காஞ்சிபுரம் பகுதியும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அனுப்பிய அறிக்கையை அடுத்து, 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் நம் ஊரில் இப்போது யார் யார் கையில் இருக்கிறது என்று ஓர் இளைஞர் கேட்டார். இது சங்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தலைவர் கூறினார். அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன். அப்பாற்பட்டது என்று செயலாளர் கருதவில்லை என்பதையும் அடுத்த வரியில் பதிவு செய்திருக்கிறேன்.

ஜூனில் சிறப்புத் தீர்மானம் வந்தது. குத்தகைக்குப் பயிரிடுபவர், ஏரிப் புறம்போக்கில் கால்நடை மேய்ப்பவர், பட்டா கணவர் பெயரில் இருந்தாலும் தாமே சாகுபடி செய்யும் பெண்கள் ஆகியோரும் உறுப்பினராகலாம் என்று துணைவிதி திருத்தப்பட்டது. வாக்களித்தவர் 75 பேர். நான்கில் மூன்று பங்குக்கு வேண்டியது 57, கிடைத்தது 58.

புதிய உறுப்பினர்கள் வந்த முதல் கூட்டத்திலேயே ஏரிக்குள் இருக்கும் மரங்களை மொத்தமாக ஏலம் விடும் யோசனை மாறியது. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள், நெற்று ஆட்டுக்கு வேண்டும் என்றார்கள். எது எது என்று மரம் மரமாகக் காட்டியும் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளும் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்த செயலாளருக்கு அது ஒரு பாடவேளை.

கணக்கு: வரவு ரூ.84,650, செலவு ரூ.79,380, இருப்பு ரூ.5,270. சர்வேயர் குழுவுக்கு வாங்கிய தேநீர்ச் செலவு அதிகம் என்று தணிக்கையாளர் குறித்திருக்கிறார். வெயில் அதிகம் என்பதே என் பதில். சந்தா பாக்கி பெரும்பாலும் பெரிய நிலக்காரர்களிடம்தான் நிற்கிறது. வயல்களுக்கு நீர் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல் என்ற வழக்கப்படி இன்னும் அளக்காதவர்கள் பன்னிரண்டு பேர். இன்று கூட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும்.

மீதி ஒன்பது எல்லைக் கற்களை ஆடிப்பெருக்கு கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் நடுகிறோம். ஆட்டுத் தடத்தை விட்டு எங்கே நடுவது என்று மேய்ப்பவர்களைக் கேட்டுச் சர்வேயர் புள்ளி வைத்துவிட்டார். சங்கத்தில் ஒரு கடப்பாரைதான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் கொண்டுவரவும்.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்