லடாக் போகும் பிள்ளைகள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லடாக் கிராமத்தில் ஒரு மாதம் தன்னார்வ வேலை, முடிந்ததும் தரைவழியே மலைப்பயணம் என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கிளம்பும்போது, பெற்றோர் டிக்கெட் விலையையும் ஸ்வெட்டரையும்தான் விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் தங்கல், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்பது.

தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே நகரம் 3,500. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்; உடம்பு பழகுமுன் ஏறினால் தலைவலி, வாந்தி என்று உயர நோய் வரும். மருந்துவாழ்மலையை மூச்சிரைக்காமல் ஏறும் கால்பலம் இதற்கு உதவாது. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் ஏறிக் கடக்கும் கணவாய் அல்ல, படுக்கும் இடம்தான் கணக்கு.

எனவே போவது ஸ்ரீநகர் வழி, திரும்புவது மணாலி வழி. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு பக்கத்து கட்ரா வரை போகிறது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் உண்டு. ஸ்ரீநகர் 1,600 மீட்டர். அடுத்து கார்கில், சுமார் 2,700. அங்கே இரண்டு ராத்திரி. பிறகு லே, சேர்ந்த பின் இரண்டு முழு நாள் வெறும் ஓய்வு. விமானத்தில் ஒரே நாளில் போய் இறங்குகிறவர்களுக்கு மூன்று நாளும் போதாமல் போகலாம்.

மணாலி வழி ஏறினால் என்ன ஆகும்? மணாலி 2,050, கேலாங் 3,080, அடுத்த ராத்திரி சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில், சுமார் 4,300. ஒரே தாவலில் 1,200 மீட்டர். நடுராத்திரி தலைவலியும் வாந்தியும் வந்தால் இறங்கவும் வழியில்லை. ஒரு பக்கம் 4,890 மீட்டர் பாராலாச்சா கணவாய், மறுபக்கம் 5,000 தாண்டும் லாச்சுங் லா கணவாய். இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டிய இடம் அது! லேயில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அதே சர்ச்சு பெரும்பாலும் தொல்லை தராது. நடுவில் இரண்டு வாரம் ஊருக்கு வந்து போனால் உடம்புக்கு அந்த உயரப் பழக்கம் விட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்துதான்.

உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கலாம். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், இரு வேளை. சல்ஃபா அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தள்ளாட்டம் வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறக்க வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான் வரும்.

கிராமத்து வீட்டில் நம்மவர் தடுமாறும் இடம் கக்கூஸ். மேல்தளத்தில் மண் குவித்த அறை, தரையில் ஓட்டை, ஓரத்தில் மண்வெட்டி. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். வாளித் தண்ணீர் கொட்டினால், கீழே உலர்ந்து எருவாக வேண்டியது நாற்றச் சேறாகிவிடும். பார்லி வயலுக்குப் போக வேண்டிய உரம் அது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊரில் தண்ணீரும் வீண். சமையலிலும் ஒரு சங்கதி: அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்மூர்க் கொட்டைப் புழுங்கலரிசி திறந்த பானையில் வேகவே வேகாது; குக்கர் வேண்டும். ஆசையாகக் கொண்டுபோகும் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் கணவாயில் பலூனாக உப்பும், சிலது வெடிக்கும். டப்பாவில் போட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும் நாள் லேயிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். வழியில் டாக்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் நீர் மாலையில் பைக்கைச் சாய்க்கும். லே பக்கத்து காருவை விட்டால் கேலாங் பக்கத்து டான்டி வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் பங்கை நம்ப முடியாது. உயரத்தில் மைலேஜும் குறையும். எனவே பைக்கில் திரும்புகிறவருக்கு டேங்க் நிறைய போக ஐந்து லிட்டர் கூடுதலாக வேண்டும்.

நம்மூர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டே கிளம்ப வேண்டும். மாணவர்களை அனுப்பும் கல்லூரிகள், பெற்றோர் கையெழுத்து வாங்கும் தாளிலேயே தங்கும் ஊர்களையும் அவற்றின் உயரத்தையும் நாள்வாரியாக அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர், தக்கலை.