ஊதா பீச் மரத்தை டர்பனில் நடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வாசலுக்கு ஏற்ற மரம் என்று டாயிக் பர்ப்பிள் பீச்சைப் பற்றி போன வாரம் நம் பத்திரிகையில் வந்ததைப் படித்தேன். மரம் அழகுதான், கம்பம் மாதிரி நேராக நிற்கும், இலை அடர் ஊதா. ஆனால் எந்த ஊரில் வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். (பழம் காய்க்கும் பீச் இல்லை இது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. இது ஐரோப்பியக் காட்டு மரம்.)

"எங்கே வைத்தாலும் வரும்" என்று நர்சரிக்காரர் சொன்னதை நம்பி டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலில் ஒன்று வைத்தேன். முதல் கோடையிலேயே இலை ஓரம் கருகியது, இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. அந்த மரத்துக்கு நல்ல குளிர் வேண்டும், இலையெல்லாம் உதிர்த்து சில மாதம் உறங்கினால்தான் துளிர் ஒழுங்காக வரும், டர்பனிலோ நடுக் குளிர்காலமான ஜூலையில்கூடப் பகலில் 22, 23 டிகிரி, அப்புறம் அது எங்கே உறங்குவது?

அதன்பின் ஹோவிக்கில், உறைபனி விழும் மேட்டில் இருக்கும் மகள் வீட்டில், ஜூலை மாதம் ஒன்று நட்டோம். ஆறு வருடமாக நன்றாக நிற்கிறது. அங்கேயும் சும்மா விட்டுவிட முடியாது. நமக்கு மழை கோடையில்தான், மரம் துளிர்க்கிற செப்டம்பரில் மண் காய்ந்து கிடக்கும், அந்த நேரம் பார்த்து உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று அனலாக வீசும். ஆகஸ்டிலிருந்து மழை பிடிக்கும்வரை வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விடுகிறோம். வேர் மேலாகவே ஓடுவதால் அடியைக் கொத்துவதில்லை, சருகு மூடாக்குதான், அதுவும் தண்டில் படாமல். தண்ணீர் தேங்கினாலும் போச்சு.

விதை வாங்கி ஏமாற வேண்டாம். 1960களின் இறுதியில் ராட்டர்டாமில் உருவான ரகம் இது, ஒட்டுக்கன்றில்தான் அதே ஊதாவும் அதே வடிவமும் வரும். ஒட்டுக்குக் கீழே பச்சையாகத் துளிர்த்தால் உடனே கிள்ளிவிடுங்கள். நல்ல வெயில் படட்டும், நிழலில் ஊதா மங்கிப் பச்சையாகும். ஒல்லி என்று சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள், காலப்போக்கில் 12 மீட்டருக்கு மேல் போகும், அகலமும் சில மீட்டர் வந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஊதா இலைதான் வேண்டும் என்றால் ஊதா விராலி கேட்டு வாங்குங்கள். நம் ஊர் விராலிப் புதரின் இனமேதான், உப்புக்காற்றைத் தாங்கும், வெட்டி ஒல்லியாகவும் வைத்துக்கொள்ளலாம். சாட்ஸ்வர்த்தில் அந்த பீச் போன குழியில் இப்போது அதுதான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்